சேவூர்த் தெருவில் ஒலிபெருக்கி தட்டிய காலை

இந்நிகழ்ச்சியை எழுதி வைத்தாக வேண்டும் என்று நான் துணிந்ததற்குக் காரணம் உண்டு. ஆரணியிலும் சேவூரிலும் இது இப்போது பலவாறாகச் சொல்லப்படுகிறது. என் மகிழுந்தில் பேய் குடியிருந்தது என்பார் ஒரு சாரார். அம்மன் வண்டிக்குள் இறங்கி வாக்குச் சொன்னாள் என்பார் மற்றொரு சாரார். அண்மையில் ஒரு திருமணப் பந்தியில், என்னை இன்னாரென்று அறியாத ஒருவர் என்னிடமே இக்கதையை விரிவாகச் சொன்னார். அவர் கதையில் வண்டி ஆளில்லாமலே தெருவில் ஊர்ந்து சென்றது. அப்படி ஏதும் நிகழவில்லை. நான் அங்கே இருந்தவன். என் மனைவியும் உடன் இருந்தாள். நடந்ததை நடந்தவாறே சொல்லிவிட விரும்புகிறேன். நடந்ததே போதிய அளவு அச்சந் தருவது.

இரண்டாயிரமாவது ஆண்டைக் கடந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருக்கும். கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரு சிறிய மகிழுந்து வாங்கினேன். அதில் நிறுவனத்தாரே பொருத்தி அனுப்பிய வானொலியும் நாடாப் பெட்டியும் இருந்தன. அதன் குரல் மெலிது. எனக்கோ இடச்செவி மந்தம். வண்டி சற்று விரைந்தால் எந்திர இரைச்சலில் செய்தியும் கேளாது, சொற்பொழிவும் கேளாது. ஒலியை முழுதும் கூட்டினால் சொற்கள் கரகரத்து உடையும்.

என் மனைவிக்கு இது நல்ல வேடிக்கையாக இருந்தது. "எதுக்குங்க அந்தப் பொட்டியோட மல்லுக்கட்டிகினு வர்றீங்க? கண்ணாடிய எறக்கி உடுங்க, ஊர்க்கதையே தெளிவா கேக்குது" என்பாள்.

கடைசியில் பேருந்து நிலையத்தருகே மகிழுந்துகளுக்கு இசைக்கருவி பொருத்தும் கடையொன்றுக்குச் சென்றேன். கடைக்காரர் முப்பது வயது மதிக்கத்தக்கவர்; வாய் ஓயாமல் பேசுபவர். பெட்டியை வெளியே இழுத்து, பின்புறத்தை விளக்கொளியில் பார்த்தார்.

"கம்பெனி செட்டு சார். ஆம்ப்புக்குன்னு தனியா அவுட் குடுக்கல. பரவால்ல, ஸ்பீக்கருக்குப் போற ஒயர்லேர்ந்தே எடுத்துக்கலாம். ஆம்ப்ப முன்சீட்டுக்கு அடியில வெச்சிடறேன். பேட்டரியிலேர்ந்து நேரா ஒரு தடி ஒயர் வரும். நீங்க பாட்டு போட்டா எதிர் வண்டிக்காரன் ஒதுங்குவான்."

"நான் பாட்டுப் போடுவதில்லை. சொற்பொழிவு கேட்பேன்" என்றேன்.

"அப்ப சொற்பொழிவு கேட்டு ஒதுங்குவான் சார்" என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஆம்ப் என்று அவர் குறித்த அந்தப் பெருக்கி, விரிந்த புத்தகம் அளவில் ஒரு கரிய இரும்புப் பெட்டி. மின்கம்பியை வண்டியின் ஒரு பக்கமாகவும், ஒலிக்கம்பியை மறுபக்கமாகவும் கொண்டுபோவதே முறை என்றும், அதற்கு மறுபக்கத்து விரிப்பைக் கழற்ற வேண்டும் என்றும் அவர் சொன்னார். நிறுவனத்தார் ஒட்டிய விரிப்பில் கைவைக்க நான் இசையவில்லை. புதிய வண்டியின் ஒரு திருகாணியைக்கூடத் தொடவிடாத கஞ்சத்தனம் எனக்கு. அவர் தோளைக் குலுக்கிவிட்டு எல்லாக் கம்பிகளையும் ஒரே பக்கமாகச் சேர்த்துக் கட்டினார். எஞ்சிய நீளத்தைச் சுருளாகச் சுற்றி இருக்கைக்கு அடியில் செருகினார்.

ஒலி நன்றாகவே வந்தது. ஆனால் அன்று வீடு திரும்பும் வழியில், நாடாவில் பேச்சுக்கு நடுவே ஓர் இடைவெளி விழுந்தபோது, நான்கு ஒலிபெருக்கிகளும் தாமாகத் தட்டத் தொடங்கின. தகரப் பெட்டிக்குள் அடைபட்ட வண்டு வெளியேற வழி தேடித் தலையை மோதிக்கொள்வது போன்ற ஒலி. மூன்று நான்கு முறை மோதும், பிறகு நீளமாக உறுமும், மீண்டும் மோதும். அது தொடங்கிய சில நொடிகளில் என் சட்டைப் பையிலிருந்த கைப்பேசி மணியடித்தது.

முதலில் நாங்கள் இரண்டையும் இணைத்துப் பார்க்கவில்லை. அடுத்தடுத்த நாள்களில் தெளிவாயிற்று. எவரேனும் என்னை அழைக்குமுன் வண்டி தட்டும். தட்டல் முந்தும், மணி பிந்தும். ஒருநாள் மாலை, நாங்கள் இருவரும் பேசாமல் வந்துகொண்டிருந்தபோது தட்டல் எழுந்தது. மனைவி என் கையைப் பற்றினாள். மணி அடித்தது. வெம்பாக்கத்திலிருந்து அவள் தம்பி. அவர்களுடைய சிற்றப்பா இறந்துபோன செய்தி.

அன்றிலிருந்து அவளுக்கு அந்த வண்டி பிடிக்காமல் போயிற்று. அவளைக் கடைக்காரரிடம் அழைத்துப்போனேன். "எல்லா வண்டிலயும் வர்றதுதாம்மா" என்றார் அவர். "போன் அடிக்கறதுக்கு முன்னாடி டவரோட பேசிக்கும். அத ஆம்ப் புடிச்சி இஸ்து சத்தமா உட்ருது. ஐயா சரின்னா விரிப்பக் கழட்டி ஒயர மாத்தி உட்டுடறேன், கொஞ்சம் கொறையும்."

விரிப்பைப் பற்றி நான் மறுபடியும் தலையசைத்து மறுத்தேன். மனைவி வெளியே வந்ததும் கேட்டாள்: "டவரோட பேசிக்குதாம். நமக்குச் சொல்றதுக்கு முன்னாடி அதுங்க ரெண்டும் இன்னா பேசிக்குதுங்க?"

வண்டியில் ஏறியதும் கைப்பேசியை அணைத்துவிட வேண்டும் என்று அவள் ஒரு விதி வகுத்தாள். நானும் இணங்கினேன். அதன்பின் தட்டல் நின்றது. பல வாரங்கள் வண்டிக்குள் மனிதர் பேச்சு மட்டுமே கேட்டது.

தை மாதத்து விடியற்காலை ஒன்றில் சேவூருக்குப் புறப்பட்டோம். மருமகளுக்கென ஒரு பட்டுச்சேலை நெய்யக் கொடுத்திருந்தோம். தறியிலிருந்து இறக்கிவிட்டதாகச் சொல்லியனுப்பியிருந்தனர். அன்று பனி மிகுதி. விளக்கு எரிய ஓட்டியும் முன்னால் போகும் மிதிவண்டிகூடத் தெரியவில்லை. ஊருக்குள் ஒரு தெருவில் திரும்பியதும் நிறுத்தும்படி ஒருவர் கை காட்டினார். தெருவின் நடுவே, இடுப்பளவு உயரத்தில், பட்டுப்பாவு ஒன்று நீட்டிக் கட்டியிருந்தது.

இவ்வழக்கத்தை அறியாதவர்களுக்காக ஒரு சொல். தறியில் ஏற்றுமுன், பாவு எனப்படும் நெடுக்கு இழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, தூரிகையால் நீவி, அறுந்தவற்றை முடிந்து, வெயில் ஏறுமுன் பக்குவமாக உலர்த்தி எடுப்பார்கள். அதற்குப் பல கை வேண்டும். ஆகவே ஒரு வீட்டுப் பாவுக்கு அண்டை வீட்டார் அனைவரும் வருவர்; கஞ்சி பட்ட பின் இடையில் விட்டுப் போக முடியாது. அதுவரை அந்த வழியே எந்த வண்டியும் போகாது. போக வேண்டுமென்று எவரும் கேட்பதும் இல்லை.

கை காட்டியவர் அந்தப் பாவுக்கு உரியவர், ஐம்பது வயதிருக்கும். "ஐயா, கொஞ்சம் ஓரமா, அந்த மணல் குமிச்சிருக்கற எடத்துல போட்டுக்குங்க. இஞ்சின ஆஃப் பண்ணிடுங்க. புகை பட்டுச்சின்னா பட்டு கறுத்துடும். இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்றார்.

பாதி எழும்பி நின்ற ஒரு புது வீட்டின் முன், மணற்குவியலை ஒட்டி வண்டியை நிறுத்தினேன். எந்திரத்தை அணைத்துவிட்டு வானொலியை மட்டும் மெல்லிய குரலில் விட்டிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே பாவு பனிக்குள் புகுந்து மறைந்தது. அதன் மறுமுனை தெரியவில்லை. இருபுறமும் ஆட்கள் தூரிகையோடு நடந்து பனிக்குள் போவதும், சற்றுப் பொறுத்து வெளிப்படுவதுமாக இருந்தனர். ஒருவரும் பேசவில்லை.

அப்போது ஒலிபெருக்கிகள் தட்டின.

மூன்று மோதல், உறுமல், மீண்டும் மோதல். மனைவி என் பக்கம் திரும்பினாள். "போன அணைச்சீங்களா இல்லியா?"

எடுத்துக் காட்டினேன். அணைந்துதான் இருந்தது. அவளிடம் கைப்பேசி கிடையாது.

"அப்ப யாருக்குங்க?" என்றாள்.

தட்டல் நின்றது. மீண்டும் எழுந்தது. இம்முறை என் கண் தற்செயலாகப் பனிக்குள் ஓரிடத்தில் நிலைத்தது. பாவின் தொலைமுனை இருக்கக்கூடிய இடத்தில், ஆள் தலை உயரத்தில், நீலமாக ஒரு சிற்றொளி. சிறிது நேரங் கழித்து அது அணைந்தது. வண்டிக்குள் தட்டலும் ஓய்ந்தது. மறுபடி ஒளி தோன்றியது. ஓரிரு நொடி கழித்து ஒலிபெருக்கி தட்டியது.

மனைவியிடம் சொல்லாமலே இறங்கினேன். சொல்லியிருந்தால் விட்டிருக்கமாட்டாள். பாவுக்காரரிடம் சென்று, அந்த முனையில் நிற்பது யார் என்று கேட்டேன்.

"இந்தத் தெரு பொண்ணுதாங்க. அவ ஊட்டுக்காரன் ராத்திரி வீட்டுக்கு வரல. நேத்து ரெண்டு பேருக்கும் பேச்சு தடிச்சிப்போச்சு. கோச்சிகினு செய்யார்ல அக்கா ஊட்டுக்குப் போயிருப்பான். விடிகாலையிலேர்ந்து போன் போட்டுகினே கீது. ரிங் போவுதாம், எடுக்க மாட்டேன்றானாம்."

நீவிக்கொண்டிருந்த ஒருவர் தலை நிமிராமல், "அக்கா ஊட்டுச் சோறு ஒரு வேளைக்குத்தான் ருசிக்கும். மத்தியானம் வந்துடுவான் பாரு" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

நான் பாவின் ஓரமாக நடந்து அந்த முனைக்குப் போனேன். இளம்பெண். ஒரு கையால் அறுந்த இழையை முடிந்துகொண்டே மறு கையில் கைப்பேசியைப் பற்றியிருந்தாள். விரல்கள் கஞ்சியில் ஊறி வெளுத்திருந்தன. அழவில்லை. அழுது முடித்த முகம்.

"அம்மா, இன்னொரு முறை அவரை அழையுங்கள்" என்றேன்.

"நீங்க யாருங்க? அவரு அனுப்சாரா?" என்றாள்.

"இல்லை. ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அழையுங்கள்."

அவள் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தாள். பனிக்கு அப்பாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, வருதுங்க." அழைப்பைத் துண்டிக்கச் சொன்னேன். "நின்னுபோச்சு" என்றது குரல். மறுபடி அழைத்தோம். "வருது." தூரிகைகள் ஒவ்வொன்றாக நின்றன. பாவைச் சுற்றி நின்றவர்கள் எங்களை ஒரு முறையும், பனியில் தெரியாத வண்டியை ஒரு முறையும் பார்த்தார்கள்.

"கைப்பேசி ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் என் வண்டி தட்டும்; உங்களுடையதோ இவ்வளவு தொலைவில் இருக்கிறது" என்றேன். "உங்கள் கணவரின் கைப்பேசி செய்யாரில் இல்லை, அம்மா. அது என் வண்டிக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது."

எல்லோரும் வண்டியை நோக்கி வந்தோம். அவள் மறுபடி மறுபடி அழைத்தாள், ஒலிபெருக்கிகள் தட்டின, ஆனால் வெளியே எங்கும் மணி ஒலிக்கவில்லை. மணலைக் காலால் கிளறினார்கள். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். "போற போக்குல போன கீழ உட்டிருப்பான். மண்ணுல பொதைஞ்சி கெடக்கும்" என்றார் பாவுக்காரர். நியாயமான விளக்கம்தான். நானும் அதை நம்ப விரும்பினேன்.

மணலுக்கு அப்பால், புது வீட்டின் கழிவுத் தொட்டிக்காகத் தோண்டிய குழியொன்று இருந்தது. மேலே தகரங்கள் போட்டுச் செங்கல் ஏற்றியிருந்தார்கள். ஒரு தகரம் மட்டும் சற்றுச் சரிந்து கிடந்தது. ஒருவர் குனிந்து இடுக்கின் வழியே பார்த்தார். "இன்னொரு தகரம் உள்ள வுழுந்து கெடக்குது. வேற ஒண்ணும் தெரில." பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார்கள். அதற்கும் இல்லை.

"பாவு காஞ்சிகினு கீது, வாங்கப்பா" என்று எவரோ சொன்னார். நான்கைந்து பேர் திரும்பி நடந்தார்கள். அவள் கைப்பேசியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு குழியருகே நின்றாள். அதன் ஒளி அணைந்திருந்தது.

வண்டி தட்டியது.

ஒரு முறை மோதியது, நீளமாக உறுமியது, ஓய்ந்தது. திறந்த கதவு வழியே அனைவர்க்கும் கேட்டது. திரும்பி நடந்தவர்கள் நின்றார்கள். என் மனைவி உள்ளேயிருந்து, "அந்தப் பொண்ணு இப்ப போன் பண்ணலீங்க" என்றாள்.

அந்தப் பெண் கைப்பேசியை மணலில் போட்டுவிட்டுத் தகரத்தை வெறுங்கையால் பற்றி இழுத்தாள். செங்கற்கள் உருண்டன. கை வெட்டுப்பட்டது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. பிறகு எல்லோரும் பாய்ந்தார்கள். உள்ளே விழுந்து கிடந்த தகரத்தை ஒருவர் கழியால் புரட்ட, அதன் அடியில் ஒரு பாதம் தெரிந்தது.

அவள் கணவர் சுவரை நோக்கி மடங்கிக் கிடந்தார். தலையில் குருதி உறைந்திருந்தது. குழிக்குள் இறங்கிய ஒருவர் அவர் மூக்கருகே கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சிறிது நேரம் போல நீண்ட பொழுதை நான் கண்டதில்லை. "மூச்சு கீது" என்றார்.

தூக்கக் கயிறு வேண்டும். எவரேனும் கேட்குமுன், பாவுக்காரர் பாவை இழுத்துக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். அந்த வீட்டாரின் பல வார உழைப்பு, ஈரக் கஞ்சியோடு தெருமண்ணில் படிந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. "ஜல்தி, ஜல்தி" என்று கயிற்றை ஓடி நீட்டினார்.

என் வண்டியிலேயே ஆரணி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பின்னிருக்கையில் அவர் தலையை மடியில் ஏந்தி அந்தப் பெண் இருந்தாள். வழியில் ஒலிபெருக்கி மீண்டும் தட்ட, நான் அதை நிறுத்தக் கை நீட்டினேன். என் மனைவி தடுத்தாள். "இருக்கட்டுங்க. வரட்டும்." அடுத்த கணம், மணலிலிருந்து எவரோ எடுத்துக் கொடுத்திருந்த அந்தப் பெண்ணின் கைப்பேசி மணியடித்தது, தெருவிலிருந்து விசாரித்தார்கள்.

அவர் பிழைத்தார். கால் எலும்பு முறிவு தேறச் சில மாதங்கள் ஆயின. மருத்துவமனையில் பார்க்கப் போனபோது அவரே நடந்ததைச் சொன்னார். செய்யாருக்கு அவர் போகவே இல்லை. ஏரிக்கரையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சினம் ஆறி, மின்சாரம் போயிருந்த இருட்டில் குறுக்கு வழியாக வீடு திரும்பும்போது, தகரத்தை மிதித்து அதோடு குழிக்குள் விழுந்திருக்கிறார். மனைவி அழைத்தால் எடுக்கக் கூடாது என்று கைப்பேசியின் மணியை அவரே முன்னதாக அடக்கி வைத்திருந்தார்.

"போன் கைக்கு எட்டாம அந்தாண்ட வுழுந்து கெடந்துச்சிங்க" என்றார். "வெளிச்சம் வரும், போவும். செவுரெல்லாம் நீலமா தெரியும். அவதான் கூப்புடறான்னு தெரியும். கத்தறதுக்கு நெஞ்சுல தெம்பு இல்ல. அப்புறம் ஒண்ணும் தெரில."

அந்தப் பெண் கட்டிலருகே நின்று அவர் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "நான் இன்னா நெனச்சேன்னு கேளுங்க. கோவத்துல எடுக்கலன்னுதான் நெனச்சேன். ஒவ்வொரு தபா ரிங் போறப்பவும் திட்டிகினே இருந்தேன்" என்றாள்.

மின்னணுவியல் கற்ற சிலரிடம் பின்னர் கேட்டேன். ஒரே பக்கமாகச் சேர்த்துக் கட்டிய கம்பிகளும், சுருட்டி வைத்த அந்த வீண் நீளமும் வானலையைப் பற்றியிருக்கும் என்றார்கள். பள்ளத்துக்குள் கிடக்கும் கைப்பேசி கோபுரத்தை எட்ட மிகுந்த விசையோடு அலை வீசும் என்றார்கள். அவ்வளவு தொலைவுக்கு எட்டாதே என்று ஐயுற்றவர்களும் உண்டு. கடைசியாக எழுந்த தட்டலுக்கு, எவரும் அழைக்காமலே கைப்பேசி அவ்வப்போது கோபுரத்துக்குத் தன் இருப்பைத் தெரிவிக்கும், அதுவாகத்தான் இருக்கும் என்று ஒருவர் கூறினார். ஏற்கத்தக்க விளக்கம். ஆயினும், நான்கைந்து பேர் திரும்பி நடக்கத் தொடங்கிய அந்த நேரத்தில் அது ஏன் நிகழ வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. அந்த வேளையில் வேறு எவரும் அந்தப் பெண்ணின் கணவரை அழைக்கவில்லை என்பதை மட்டும் உறவினரிடமெல்லாம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அன்று முதல், நான் அழைத்து, மணி போய்க்கொண்டேயிருந்து, மறுமுனையில் ஒருவர் எடுக்காவிட்டால், அது சினம் என்றோ அலட்சியம் என்றோ எண்ணிக் கைப்பேசியைக் கீழே வைக்க என்னால் இயலவில்லை. பலர் இதனால் என்னைத் தொல்லைக்காரன் என்கிறார்கள். என் முதிய நினைவில் நிகழ்ச்சிகளின் வரிசை பிறழ்ந்திருக்கலாம். கருவியைப் பற்றிய என் விளக்கத்தில் பிழையும் இருக்கலாம். அறிந்தோர் திருத்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அந்தக் கடைசித் தட்டலைப் பற்றியும் எழுதுங்கள். விளக்கம் எதுவாயினும் ஏற்றுக்கொள்வேன், ஆனால் அது கேட்டதா இல்லையா என்று மட்டும் என்னோடு வழக்காட வேண்டாம்.